படித்துறைக்கு வந்த சம்பந்தி

எங்கள் தெருவில் குளிக்காமல் ஒரு வாய் சாப்பிட்டதில்லை என்று சத்தியம் செய்து சொல்லக்கூடிய ஒரே ஆள் சம்பந்திதான். மற்றவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் காலையில் அவர்கள் வீட்டில் காபி வாசனை வரும் நேரத்தையும் தண்ணீர் மோட்டார் ஓடும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் கதை வேறு. சம்பந்தி ஒரு நாளைக்கு எத்தனை முழுக்குப் போடுவார் என்று எண்ண முயன்றவர்கள் பாதியில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போயிருக்கிறார்கள். நெற்றியில் விபூதி கிடையாது, மார்பில் பூணூல் கிடையாது, ஆசாரத்தில் மட்டும் அவர் கிட்டே நிற்க ஆளில்லை. ஒரே ஒரு குறை. அவர் சாப்பிடுவது மீன் மட்டும்.

சம்பந்தி ஒரு நீர்நாய்.

மலையாளம் பேசும் ஊரான கரமனையில் எங்கள் அக்ரஹாரத் தெரு ஆற்றைப் பார்த்து இறங்கிப் போய்ப் படித்துறையில் முடியும். நான் அங்கே பிறந்து, கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். அதாவது மற்றவர்கள் செய்து முடித்ததில் தப்புக் கண்டுபிடிப்பது. எங்கள் தெருவில் இதைப் பலர் சம்பளம் இல்லாமலே செய்கிறார்கள்.

சம்பந்தி வந்தது ஒரு பெருமழையில். ஆறு மேல்படி வரைக்கும் ஏறி, மெல்ல இறங்கியபோது மூன்று பொருள்களை விட்டுச் சென்றது: குலையோடு ஒரு வாழைமரம், யார் வீட்டுடையதோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சம்பந்தி. வாழைக்குலையைப் புரோகிதம் பண்ணிவைக்கிற எங்கள் வாத்தியார் எடுத்துக்கொண்டார். நாற்காலியைச் செக்ரட்டரி மாமா எடுத்துக்கொண்டார். சம்பந்தி எங்கள் எல்லோரையும் எடுத்துக்கொண்டார்.

செக்ரட்டரி மாமா, பாலம் கட்டும் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அவருக்கு ஓட்டுப் போட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை, போடாததாகச் சொல்லும் துணிச்சலும் யாருக்கும் இல்லை. வெள்ளம் வடிந்த மறுநாள் அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு தேங்காய் மிதந்து வந்தது. நல்ல முற்றிய தேங்காய். வாய் காயத்ரியைச் சொல்லிக்கொண்டிருக்க, கை தேங்காயை நோக்கிப் போனது. தேங்காய் கண்ணைத் திறந்து, அவர் முகத்துக்கு நேராக ஒரு தும்மல் தும்மியது.

ஈரத்துண்டோடு தெரு நீளத்துக்கும் ஓடி வந்தார் மாமா.

"முதலை! முதலை! யாரும் எறங்காதீங்கோ!"

என் அம்மா வாசலில் கோலத்தை முடித்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை. "முதலைன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"மொறைச்சுப் பார்த்தது! மீசை வேற!"

"முதலைக்கு மீசை உண்டோ?"

"இதுக்கு உண்டு! நான் பார்த்தேன்னு சொல்றேனே! நான் என்ன வெறுதே பறயறேனா?"

தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கெல்லாம் ஒரே படம்தான் சுற்றியது. பழுப்புத் தண்ணீரில் ஒரு பழுப்புப் புள்ளி. கீரி என்றார்கள், பன்றிக்குட்டி என்றார்கள், வீட்டைவிட்டு ஓடிவந்த வளர்ப்புப் பிராணி என்றார்கள். நான் மறுநாள் காலையில் படித்துறையில் உட்கார்ந்து, தட்டைத் தலை, விரலிடைச் சவ்வு, துடுப்பு மாதிரி வால் மூன்றையும் சரிபார்த்து நீர்நாய் என்று எழுதினேன். மலையிலிருந்து வெள்ளத்தோடு வந்திருக்கும், தொந்தரவு பண்ணாவிட்டால் தொந்தரவு பண்ணாது என்றும் எழுதினேன். அதற்குப் பதினைந்து பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவரும் நம்பவில்லை.

பெயர் வைத்தவள் பக்கத்து வீட்டு விசாலம் மாமி. அவள் கணவர் அனந்து மாமா காலமாகிப் பதினைந்தே நாள் ஆகியிருந்த சமயம். வீடு நிறைய வந்திருந்த உறவுக்காரர்கள் போய், மகன் ஸ்ரீகாந்தும் பெங்களூருக்குத் திரும்பி, மாமி தனியாக ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். துணைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே நீர்நாய் கரையேறி, கீழிருந்து மூன்றாம் படியில் ஒரு மீனை வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையில் ஆரம்பித்துச் சாப்பிட்டது. பாதி தின்றதும் மீதியை அப்படியே தள்ளிவிட்டு எங்களைப் பார்த்து 'ஹும்' என்றது.

மாமி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். "ரம்யா, இது நாயும் இல்லை பூனையும் இல்லை. இது ஸ்ரீகாந்தோட மாமனாராக்கும்."

"மாமி!"

"பின்னே என்னடீ? சொல்லாம கொள்ளாம வந்து எறங்கினார். ஒரு வேலை செய்யலை. வேளைக்கு நன்னாச் சாப்பிட்டார். பாதியை எலைல மிச்சம் வெச்சார். கடசீல ஏதோ கொறை இருக்கற மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டு 'ஹும்'னார். எங்க சம்பந்தியே தான்."

சாயங்காலத்துக்குள் பெயர் தெருவுக்குள் பரவிவிட்டது. அதற்கப்புறம் யாரும் 'அது' என்று சொன்னதில்லை. "சம்பந்தி எழுந்தாச்சா?", "சம்பந்தி இன்னிக்குக் கோவமா இருக்கார்", "சம்பந்தி இருக்கார், செத்த நாழி கழிச்சு எறங்குங்கோ" என்று ஏக மரியாதை. சொந்தச் சம்பந்திகளுக்கு அவ்வளவு கிடைத்ததில்லை.

அவருடைய பழக்கவழக்கங்களைச் சொல்ல வேண்டும். சங்கம் 'அசுத்தம் செய்யாதீர்' என்று இரண்டு மொழியில் ஒரு பலகை வைத்திருந்தது. அதற்கு நேர் கீழே இருந்த படியைத்தான் சம்பந்தி தன் கழிப்பறையாகத் தேர்ந்தெடுத்தார். தினமும், அதே இடத்தில், பலகையைப் பார்த்தபடி. செக்ரட்டரி மாமா பலகையை மேல்படிக்கு மாற்றினார். சம்பந்தியும் மேல்படிக்கு மாறினார்.

ஒருநாள் மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு பிராணாயாமம் செய்ய, சம்பந்தி எதிரே தண்ணீரில் முங்கினார். மாமா மூச்சை விட்டார், இழுத்தார், மறுபடி அடக்கினார், விட்டார். சம்பந்தி எழவே இல்லை. கடைசியில் ரொம்பத் தூரத்தில் தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பார்வை இருக்கே," என்று வாத்தியார் ஊரெல்லாம் சொன்னார், "குரு சிஷ்யனைப் பார்க்கற பார்வை."

பெரிய சிக்கல் துணியில் வந்தது. பூஜைக்கும் சமையலுக்கும் உடுத்தும் துணியைத் தோய்த்து, யார் கையும் படாமல் உலர்த்துவதற்குத்தான் எங்கள் தெருவில் மடி என்று பெயர். கைப்பிடிச் சுவரில் வாத்தியார் உலர்த்தியிருந்த ஒன்பது முழ வேட்டி கீழே விழுந்திருந்தது. சம்பந்தி ஆற்றிலிருந்து வந்து அதன்மேல் படுத்து, முதுகு, வயிறு, கழுத்து, மறுபடி முதுகு என்று ஒழுங்காகப் புரண்டு துடைத்துக்கொண்டார். நீர்நாய்கள் எல்லாமே அப்படித்தான் ஈரம் போக்கும். வாத்தியார் கரையில் நின்று பார்த்தார். பிறகு வேட்டியை எடுத்து உதறி, ஒன்றும் நடக்காதது போல மடித்துத் தோளில் போட்டார்.

"ஓய்!" என்று அலறினார் செக்ரட்டரி மாமா. "மடி போச்சே!"

"ஏன் போகும்? அவர் ஸ்நானம் பண்ணிட்டு நேரா வந்தார். நான் பார்த்தேன். நீர் கொஞ்சம் எட்ட நில்லும். நீர் இன்னும் குளிக்கலை."

இப்படியாக, மீன் வாசனை தெருமுனையில் வந்தாலே ஜன்னலைச் சாத்தும் எங்கள் தெரு, ஆறு மாதத்தில் மீன் விஷயத்தில் தேறிவிட்டது. ஏகாதசிக்கு வெங்காயத்தைப் பெயர் சொல்லாமல் குறிப்பிடும் என் அம்மா, படித்துறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னிக்கு சிலோப்பியாக்கும். கரிமீன் அகப்படலை போலிருக்கு, பாவம்" என்பாள். அதுவரை எங்கள் தெருவுக்குள் வண்டியைத் திருப்பியதே இல்லாத மீன்காரி மேரிச் சேச்சி, தலையைத் திருப்பாமல் வேகமாகப் போவதை விட்டுவிட்டு, முனையில் நின்று கூப்பிட ஆரம்பித்தாள். "அம்மே, நல்ல வராலு உண்டு. உங்க சம்பந்திக்கு வேணோ?"

"வேண்டாம் மேரி, அவர் கடையில வாங்கறதில்லை" என்பாள் விசாலம் மாமி, குடும்பப் பெருமையோடு.

மாமி சிரித்துக்கொண்டிருந்தாளே தவிர, உள்ளே ஒரு முள் இருந்தது.

எங்களில் ஒருவர் இறந்தால் முதல் வருஷம் மாதாமாதம் மாசிகம் என்று ஒரு சடங்கு உண்டு. சமைத்து, பிண்டம் என்று ஒரு சாத உருண்டை பிடித்து, காக்கைக்கு வைப்பார்கள். காக்கை எடுத்தால் போனவர் திருப்தியாக இருக்கிறார் என்று அர்த்தம். எடுத்த பிறகுதான் வீட்டில் சாப்பாடு. சாதாரணமாக எங்கள் பக்கத்துக் காக்கைகள் இலையைக் கீழே வைக்கவிடாது. அனந்து மாமாவின் முதல் மாசிகத்தில் ஒரு காக்கை வந்து மதிலில் உட்கார்ந்தது. உருண்டையை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மற்றக் கண்ணாலும் பார்த்தது. பறந்து போய்விட்டது. ஸ்ரீகாந்த் கைதட்டிக் கைதட்டிக் கூப்பிட்டு ஓய்ந்து, கடைசியில் வாத்தியார் உருண்டையை ஆற்றில் விடச் சொன்னார்.

இரண்டாம் மாதமும் இதே கதை. மூன்றாம் மாதம் மாமி உருண்டையில் கூடுதலாக நெய் விட்டாள். நான்காம் மாதம் பக்கத்தில் வடை வைத்தாள். வடையை ஒரு காக்கை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அவருக்கு என்னமோ ஆசை பாக்கி நிக்கறது" என்றாள் மாமி என் அம்மாவிடம். "சாப்பாட்டு ராமன். கேட்டு வாங்கிச் சாப்பிடற மனுஷன். அங்கே போய்ப் பட்டினியா கெடக்கார். எனக்கு மட்டும் எப்படிடீ எறங்கும்?" மாசிக நாளில் அவள் இலை முன்னால் உட்கார்ந்து, சாதத்தைப் பிசைந்துவிட்டு, எழுந்து போய்விடுவாள்.

என்ன ஆசை என்பது தெருவில் மாமியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அனந்து மாமா தம்பானூர்ப் பக்கம் ஒரு ஆபீசில் வேலை பார்த்தவர். மாமி கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைப் பியூனுக்குக் கொடுத்துவிட்டு, மத்தியானம் பின்சந்து ஓட்டலில் மீன்கறி ஊண் சாப்பிடுவார். செக்ரட்டரி மாமா ஒருதரம் நேரிலேயே பார்த்தார். (அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை.) முப்பது வருஷம் ஒரு தெருவே சேர்ந்து இந்த ரகசியத்தை மாமியிடமிருந்து காப்பாற்றியிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு ரகசியம் அரைமணி நேரம் தாங்காத தெருவில் இதுதான் எங்கள் மிகப் பெரிய சாதனை.

ஆகவே எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பிண்டத்தில் மீன் இல்லை, அனந்து வரமாட்டான். அனந்துதான் நீர்நாயாகப் பிறந்து வந்திருக்கிறான் என்றுகூட ஒருவர் கிளப்பினார். வாத்தியார் ஒரே வார்த்தையில் முடித்தார். "வருஷம் முடிஞ்சு ஆப்திகம் ஆகாம அங்கே யாருக்கும் அலாட்மென்ட் கெடையாது ஓய். பைல் இன்னும் பெண்டிங்."

பிறகு மற்ற வீட்டுக் காக்கைகளும் வரவில்லை. செக்ரட்டரி மாமா தன் அப்பாவின் திவசத்தன்று பசி தாங்காமல் மொட்டைமாடியில் நின்று 'கா, கா' என்று கூப்பிட்ட சத்தத்தில் ஒரு ஆட்டோ நின்றது. தெரு முழுக்கப் பித்ருக்கள் ஒரே சமயத்தில் கோபித்துக்கொள்ள என்ன காரணம்? ஆளுக்கொன்று சொன்னார்கள். ரேஷன் அரிசி என்றார்கள். குக்கரில் வைக்கிற சாதம் என்றார்கள். வாத்தியார் மந்திரத்தை மொபைலில் பார்த்துச் சொல்கிறார் என்று ஒருவர் எழுதினார். வாத்தியார் குழுவைவிட்டு வெளியேறி, அன்று சாயங்காலமே திரும்பி வந்தார்.

ஒரே கோளாறு பல இடத்தில் ஒரே சமயத்தில் தெரிந்தால், சமீபத்தில் புதிதாக என்ன வந்தது என்று பார்க்க வேண்டும். என் வேலையில் இதுதான் பால பாடம். வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு வாரம் நான் லேப்டாப்பைப் படித்துறையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பார்த்த மாத்திரத்தில் விளங்கியது. சம்பந்தி மூன்றாம் படியில் மீனை வைப்பார், பாதி தின்பார், 'ஹும்' என்பார், போவார். அவர் வால் தண்ணீரில் மறைவதற்குள் கரமனைக் காக்கைகள் அத்தனையும் அந்தப் படியில் இருக்கும். தினமும் வயிறு முட்டப் புதிய ஆற்றுமீன். இதற்குமேல் சாத உருண்டையை எந்தக் காக்கை சீந்தும்?

சங்கக் கூட்டத்தில் சொன்னேன். பித்ருக்களுக்குக் கோபமில்லை என்பதில் பாதிப் பேருக்கு நிம்மதி. மற்றப் பாதிக்கு, இவ்வளவு சின்னக் காரணமா என்று ஏமாற்றம்.

செக்ரட்டரி மாமா எழுந்தார். தும்மல் வாங்கிய நாளிலிருந்து அவர் காத்திருந்த நிமிஷம் அது. "பாரஸ்ட்காரன்கிட்ட சொல்லிடலாம். கூண்டு கொண்டு வந்து பிடிச்சுண்டு போய், மலைல விட்டுடுவான். எதிர்ப்பு உண்டோ?"

எல்லோரும் விசாலம் மாமியைப் பார்த்தார்கள். பெயர் வைத்தவள் அவள். அடுத்த மாதம் ஆப்திகம், முதல் வருஷ முடிவு, அவளுக்குத்தான். அதிலும் காக்கை எடுக்காவிட்டால் அப்புறம் அவளுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று யாருக்கும் தெரியாது.

மாமி முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "வந்தவா என்னிக்காவது போகத்தானே வேணும்" என்றாள். "ஆப்திகத்துக்கு முன்னாடி கொண்டு போகச் சொல்லுங்கோ. வலிக்காமப் பிடிக்கணும்."

அப்புறம் என்னைப் பார்க்காமல் எழுந்து போனாள். உண்மையைக் கண்டுபிடித்ததற்காக அதற்கு முன்னால் நான் வருத்தப்பட்டதில்லை.

வனத்துறைக்காரர்கள் வருகிறோம் என்றார்கள். வரவில்லை. மறுபடி கேட்டதற்கு மறுபடி வருகிறோம் என்றார்கள். அதற்குள் செக்ரட்டரி மாமா தட்டும் கரண்டியுமாகப் படியில் நின்று சம்பந்தியைத் துரத்திப் பார்த்தார். சம்பந்தி நிமிர்ந்து பின்கால்களில் நின்று, கச்சேரி முடியும்வரை கேட்டுவிட்டு, வழக்கமான இடத்தில் சாப்பிட உட்கார்ந்தார். கடைசியில் வனத்துறை ஜீப் வந்து நின்றது ஆப்திகத்தன்று காலையில்.

இரண்டு வாச்சர்கள் இறங்கினார்கள். கூண்டுக்குள் மார்க்கெட் மீனைத் தொங்கவிட்டுப் படித்துறை ஓரம் வைத்தார்கள். "பேடிக்கண்டா, அம்மே. மீன் மணம் அடிச்சா தன்னாலே கூட்டுக்குள்ளே கேறும்" என்று மாமிக்குத் தைரியம் சொன்னார் மூத்தவர்.

மாமி எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினாள். "ஐஸ்ல கெடந்ததோன்னோ? பழைய மீனைச் சம்பந்திக்கு வெப்பாளோ யாராவது?"

அவள் சொன்னபடியே நடந்தது. சம்பந்தி கூண்டைச் சுற்றி வந்தார். முகர்ந்தார். 'ஹும்' என்று சொல்லி ஆற்றில் இறங்கிவிட்டார். காக்கைகள்தான் கூண்டை மொய்த்துக்கொண்டன. கம்பிக்குள் அலகை விட்டுப் பார்த்து, எட்டாமல், ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டிருந்தன.

வீட்டில் ஹோமம் முடிந்து, பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்து, வெயில் ஏறிய பிறகு ஸ்ரீகாந்த் பிண்டத்தோடு இலையைக் கொண்டுவந்தான். மேல்படியில் கூண்டு, அடுத்த படியில் செக்ரட்டரி மாமா, அதற்கும் கீழே வாச்சர்களின் டிபன் பை. காலியாக இருந்தது கீழிருந்து மூன்றாம் படி மட்டும். அங்கே வைத்தான். கை தட்டினான்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினான். ஒரு காக்கை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கூண்டைப் பார்த்தது.

"கூப்பிடுடா" என்றாள் மாமி. "அப்பா வாங்கோன்னு கூப்பிடு."

ஸ்ரீகாந்த் கூப்பிட்டான். வாத்தியார் கூப்பிட்டார். செக்ரட்டரி மாமா, இந்த ஒரு விஷயத்துக்காக அவரை நான் மன்னித்துவிட்டேன், இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு "அனந்தூ!" என்று ஆற்றைப் பார்த்துக் கத்தினார்.

ஆற்றிலிருந்து தலை எழும்பியது.

சம்பந்தி வாயில் கரிமீன். கையகலம், இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. நேராக மூன்றாம் படிக்கு ஏறினார். அவருடைய சாப்பாட்டு இடத்தில் யாரோ வாழையிலை போட்டிருப்பதைப் பார்த்தார். எனக்குத் தெரியும், இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒரு வருஷமாக அதே படியில் சாப்பிடும் பிராணி அன்றைக்கும் அங்கேதான் வரும். ஆனால் சாத உருண்டைக்குப் பக்கத்தில், பருப்புக்கும் பாயசத்துக்கும் நடுவே, அவர் மீனை வைத்த அழகைப் பார்த்தபோது, இவ்வளவு நாளாக எங்களுக்காகப் பொறுத்துக்கொண்டவர் இனிமேலும் முடியாது என்று தானே பரிமாற வந்தது போலத்தான் இருந்தது.

பாதி தின்றார். இலை நுனியில் மீசையைத் துடைத்தார். கூட்டத்தை ஒருமுறை பார்த்தார்.

'ஹும்.'

அவர் இறங்குவதற்குள் கூண்டின்மேல் இருந்த காக்கை ஒன்று பாக்கியில்லாமல் இலையில் இருந்தது. கறுப்பாக ஒரு சண்டை. ஒன்று மீன்வாலை இழுத்தது, மற்றொன்று அதைக் கொத்தியது. மீன் கிடைக்காத ஒரு தடியன் காக்கை, வந்ததற்கு ஏதாவது என்று, சாத உருண்டையில் பெரிதாக ஒரு வாய் அள்ளிக்கொண்டு பறந்தது.

"எடுத்துடுத்து!" என்று கத்தினான் ஸ்ரீகாந்த்.

"ஓய், இது செல்லுமா?" என்றார் செக்ரட்டரி மாமா. "மீனோட இல்லையோ சேர்த்து எடுத்தது! சாஸ்திரத்துல எடம் உண்டோ?"

வாத்தியார் மொபைலை எடுத்தார், மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். அதிலும் இதற்கு விடை இருக்காது. எல்லோரும் மாமியைப் பார்த்தோம். முப்பது வருஷமாகக் காப்பாற்றிய ரகசியம் அந்த இலையில் செதில் செதிலாகக் கிடந்தது.

"செல்லும்" என்றாள் மாமி.

"இல்லை மாமி, மீனாச்சே…"

"அதனாலதான் செல்லும். தம்பானூர்ல தெனம் மத்தியானம் இப்படித்தானே சாப்பிட்டார்?"

செக்ரட்டரி மாமா ஒரு படி கீழே இறங்கினார். "உங்களுக்கு… தெரியுமோ?"

"சாயங்காலம் வரச்சே வாயில ஏலக்கா மென்னுண்டு வருவார். தயிர்சாதம் சாப்பிட்டவன் ஒருநாளாவது ஏலக்கா மெல்லுவானோ?" மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்கள்ளாம் எனக்குத் தெரியாம இருக்கணும்னு அத்தனை கஷ்டப்பட்டேள். எனக்குத் தெரியும்னு சொன்னா உங்களுக்கு மனசுக்கு வெஷமமா இருக்குமேன்னு சும்மா இருந்தேன்."

மூத்த வாச்சருக்குத் தமிழ் பாதிதான் புரிந்தது. ஆனால் ஏதோ தீர்ந்துவிட்டது என்று புரிந்தது. கூண்டைக் காட்டினார். "அம்மே, இதினெ கொண்டுபோகண்டே?"

"கூண்டைத்தானே? கொண்டு போங்கோ. நன்னாக் கழுவி எடுத்துண்டு போங்கோ, நாத்தம் தாங்கலை. சாப்பிட்டுட்டுப் போகலாம், எலை போட்டாச்சு." அன்று மாமி எல்லோரோடும் உட்கார்ந்து, பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் எங்கள் தெருவில் ஒரு புதிய சம்பிரதாயம் வந்தது. யார் வீட்டுத் திவசமானாலும் இலை மூன்றாம் படியில்தான். "சம்பந்தி வரட்டும்" என்று வாத்தியார் கைகட்டி நிற்பார். சம்பந்தி வந்து பந்தியை ஆரம்பித்து வைத்தால் காக்கைகள் தொடரும், எடுத்தது எதுவானாலும் கணக்கில் சேரும். சாஸ்திரத்தில் இடம் உண்டா என்று செக்ரட்டரி மாமா மறுபடி கேட்கவில்லை. அவருடைய அப்பாவின் திவசத்தன்றும் பசிக்கும் அல்லவா?

போன மழையில் ஆறு மறுபடி மேல்படி வரைக்கும் ஏறியது. மேற்கே எங்கோ இன்னொரு நீர்நாயின் சீழ்க்கை கேட்டதாக மேரிச் சேச்சி சொன்னாள். தண்ணீர் வடிந்தபோது சம்பந்தி இல்லை.

"பொண்ணோட ஆத்துக்குப் போயிருப்பார்" என்றாள் மாமி. "சொல்லிண்டு போற வழக்கம் அவருக்கு என்னிக்கு இருந்தது?"

காக்கைகள் பழையபடி சாதத்துக்கு வந்துவிட்டன. சோதித்துப் பார்த்தேன், ஒரு வீட்டிலும் கோளாறில்லை. மாமி தினமும் சமைத்ததும் ஒரு பிடி சாதத்தைக் கொண்டுவந்து மூன்றாம் படியில் வைக்கிறாள். காக்கை உடனே எடுத்துவிடுகிறது. மாமிதான் உடனே எழுந்து வருவதில்லை. நானும் லேப்டாப்பை மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். ஆற்றில் ஒரு தேங்காய் மிதந்து வந்தால், அது எங்களைத் தாண்டி வளைவில் மறைகிறவரை, கண்ணைத் திறக்குமா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.